ஃபைபர்னு சொல்லி 16,500 ரூபாய் வாங்கிட்டு சிம் போட்ட டப்பாவ மாட்டிட்டு போயிட்டான், மலையோரத்துல இருக்கவங்க பாத்துக்கிடுங்க

இன்னைக்கு காலைல அந்த கடையில கெடச்ச பதில்ல வந்த வெப்ராளம் இன்னும் அடங்கல, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கிடுங்க. 16,500 ரூபாய். விடியக்காலம் எழும்பி தலையில லைட்ட கட்டிட்டு ரப்பர் பால் வெட்டி, ஷீட் அடிச்சு காயப்போட்டு வித்த பைசா. ஆளு வச்சு வெட்டல, நானே வெட்டுதேன். அத ஒருத்தன் நம்ம வீட்டு திண்ணையில இருந்து காப்பி குடிச்சிட்டே வாங்கிட்டு போயிருக்கான்.

நம்ம வீடு குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறை போற ரோட்டுல எறங்கி, சானல் கரை வழியா ரப்பருக்குள்ள முக்கா கிலோமீட்டர் நடக்கணும். மொபைல்ல ஒரு பாயிண்ட் டவர் வரும், ரெண்டு பாயிண்ட் வந்தா அன்னைக்கு வீட்டுல விசேஷம். மகளுக்கு திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல வேலை கெடச்சுது, வாரத்துல மூணு நாள் வீட்டுல இருந்து பாக்கலாம், ஆனா நல்ல நெட் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. அப்படி தான் தேட ஆரம்பிச்சேன். பெரிய கம்பெனிக்காரங்க டவர்ல இருந்து கம்பியில்லாம தாற ஏர் ஃபைபருக்கு நம்பர குடுத்தா உங்க ஏரியாவுல இல்லன்னு மெசேஜ். பிஎஸ்என்எல் ஃபைபர் எடுக்கற லோக்கல் ஆளு, கடைசி போஸ்ட் ரோட்டோட நிக்குது, கம்பி இழுக்க ஒரு மாசம் ஆகும், ரப்பர் கொப்பு விழுந்து அறுந்தா உடனே வர முடியாதுன்னு நேர்மையா சொன்னாரு. அந்த மனுஷன விட்டுட்டு இவன்கிட்ட போனேன் பாருங்க, என் புத்திய சொல்லணும்.

இவன் யாருன்னா, டவுன்ல மொபைல் ரீசார்ஜ், கேமரா மாட்டறது, நெட் கனெக்‌ஷன்னு போர்டு போட்டிருக்க ஒரு கடை. பேரு சொல்லல. ஜனவரி கடைசில கூப்பிட்டேன், மறுநாளே பைக்ல வந்துட்டான். செருப்ப முற்றத்துலயே கழட்டிட்டு வந்து அம்மாகிட்ட "பாட்டி சுகமா இருக்கேளா, எங்க பாட்டியும் இப்படி தான் இருப்பா"ன்னு கையப் புடிச்சுகிட்டான். கருப்பட்டி காப்பி குடுத்தோம், ரெண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கி குடிச்சான். போகும்போது மட்டிப்பழம் ஒரு சீப்பு கேரியர்ல கட்டி விட்டது நான் தான். அத நெனைச்சா 16,500 ரூபாய விட அந்த சீப்பு தான் நெஞ்ச அறுக்குது.

அவன் சொன்ன கதை இது. "அண்ணே, பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் கவர்மெண்ட் ஃபைபர் வந்தாச்சு, அங்க இருந்து நமக்கு எடுத்துக்கிடலாம். ஆனா வீடு வரைக்கும் கம்பி இழுத்தா தூரம் கூடக்கூட ஸ்பீடு செத்துரும், அதனால கடைசி தூரத்த மட்டும் வயர்லெஸ்ல தாறேன், வயர்லெஸ் ஃபைபர்." பழைய லேண்ட்லைன் பிராட்பேண்ட் எக்ஸ்சேஞ்சுல இருந்து தள்ளிப் போனா இழுத்து இழுத்து வரும்லா, அந்த ஞாபகத்துல நானும் தலைய ஆட்டிட்டேன். அது செம்புக் கம்பிக்கு உள்ள வியாதின்னு இப்பம் தான் தெரியுது. ஃபைபர்ல போறது வெளிச்சம், வீட்டுக்கு குடுக்கற சாதாரண ஃபைபரே 20 கிலோமீட்டர் வரைக்கும் போகும், முக்கா கிலோமீட்டர் அதுக்கு ஒரு தூரமே கெடையாது. பாரத்நெட்னு 2011ல இருந்து போட்டுட்டு இருக்க திட்டம் ஒண்ணு உண்டு, தமிழ்நாட்டுல 12,525 பஞ்சாயத்துக்கும் ஃபைபர் கொண்டு போறது தான் கணக்கு, அதனால அவன் பேச்சுல பாதி உண்மை மாதிரியே இருந்துச்சு. பாதி உண்மை சொல்லுதவன் தான் முழுசா கவுப்பான்.

பத்தாயிரம் முதல்லயே ஜிபேல போட்டேன், அது கடை பேர்ல இல்ல, ஏதோ ஒரு பொம்பளை பேரு காட்டுச்சு, கேட்டதுக்கு "வீட்டுக்காரி அக்கவுண்ட் அண்ணே"ன்னான். செரின்னுட்டேன். ஆதார் காப்பி வாங்கினான், சின்ன மெஷின்ல கைரேகை வைக்க சொன்னான். முதல்ல பதியல இன்னொரு தடவை வைங்கன்னான். கத்தியும் பாலுமா கெடந்து நமக்கு ரேகை தேஞ்சு போச்சு, ரேஷன் கடையிலயும் நாலு தடவை வச்சா தான் விழும், அதனால எனக்கு சந்தேகமே வரல. அந்த ரெண்டாவது தடவைய ஞாபகம் வச்சுக்கிடுங்க.

பிப்ரவரி முதல் வாரம் வந்து மொட்டை மாடியில ஒரு கம்பிய நட்டு வெள்ளை டப்பா ஒண்ண மாட்டினான், உள்ள ரவுட்டர் வச்சான். என் மொபைல வாங்கி வைஃபை செட்டிங்ஸ்குள்ள போய் காட்டினான், 433 எம்பிபிஎஸ். "பாத்தேளா அண்ணே, டவுன்ல கூட இது கெடையாது." நானும் பக்கத்து வீட்டு அண்ணனக் கூப்பிட்டு காட்டினேன், பெருமைக்கு. மிச்சம் 6,500ஐயும் அப்பவே போட்டேன். மொத்தம் 16,500. அந்த 433 நெட்டோட ஸ்பீடே இல்ல, நம்ம மொபைலுக்கும் அந்த ரவுட்டருக்கும் நடுவுல உள்ள ஸ்பீடு, நெட் கம்பிய புடுங்கிப் போட்டாலும் அதே 433 தான் காட்டும்னு மகள் ரெண்டு மாசம் கழிச்சு சொல்லி தந்தா. அவளும் அன்னைக்கு வேலைக்குப் போயிருந்தா.

ஆனா முதல் மாசம் ஓடுச்சு, பொய் சொல்லப்பிடாது. மகள் மீட்டிங் எல்லாம் பேசினா. மார்ச்ல படுத்துச்சு. ஏன்னு தெரியுமா? அவன் மாட்டினப்ப ரப்பர் எல்லாம் இலை உதுத்து மொட்டையா நின்னுச்சு, டவர் சிக்னல் தடையில்லாம வந்துச்சு. தளிர் விட்டு இலை மூடினதும் சிக்னல் போச்சு. ஃபைபருக்கு இலை உதுந்தா என்ன தளிர்த்தா என்ன? அப்பம் தான் பொறி தட்டுச்சு. ரவுட்டர கவுத்து பாத்தா பின்னால மூடி, மூடிக்குள்ள சிம். சாதாரண 4ஜி சிம்மு! 16,500 ரூபாய்க்கு நம்ம மொபைல்ல இருக்க அதே சவத்த கம்பியில கட்டி மாடியில நட்டு வச்சிருக்கான்.

அதுக்கப்புறம் அவன் சொன்ன சாக்கு எல்லாம் காலண்டர பாத்து எழுதினது மாதிரி இருக்கும். மண்டைக்காட்டு கொடைக்கு லீவு. பெறவு பெரிய வெள்ளி, ஈஸ்டர், பையன்மாரு ஊருக்குப் போயிட்டானுவ. சித்திரை விஷு. மே மாசம் கடை இடம் மாத்துதோம். ஜூன்ல மழை, மழையில மேல ஏறப்பிடாது அண்ணே ஷாக் அடிக்கும். நடுவுல ஒரு நாள் "பூஸ்டர் ஒண்ணு வச்சா செரியாகும், 9,000 ஆகும்"னான். அதுக்கும் எடுத்துக் குடுக்க இருந்தேன், மகள் தான் தடுத்தா. லைசென்ஸ் இல்லாம வீட்டுல சிக்னல் பூஸ்டர் வைக்கறதே சட்டப்படி தப்பாம், கண்டுபுடிச்சா தூக்கிட்டு போவாங்களாம். அவன் பைசாவையும் வாங்கிட்டு கேஸையும் நம்ம தலையில வைக்க இருந்தான்.

போன வாரம் சிம்மே கட். கம்பெனி கஸ்டமர் கேருக்கு அடிச்சா, யாரு பேர்ல இருக்குன்னு கேக்காங்க, என் பேரு சொன்னா பொருந்தலயாம். அப்பம் என் பேர்ல என்ன தான் இருக்குன்னு மகள் சஞ்சார் சாத்திங்கற அரசாங்க சைட்ல பாத்தா, நமக்கு தெரியாத நம்பர் ஒண்ணு என் பேர்ல ஓடுது. ரெண்டாவது கைரேகை, அதுல தான் இன்னொரு சிம் எடுத்திருக்கான். இப்பம் மனசிலாச்சா? அத வச்சு எவன் யாருக்கு என்ன பண்ணிட்டு இருக்கானோ, பைசா போனது கூட பரவால்ல, அன்னைக்கு ராத்திரி நான் உறங்கல. இது என் நம்பர் இல்லன்னு அதுலயே ரிப்போர்ட் போட்டிருக்கோம்.

இன்னைக்கு கடைக்குப் போனேன். மூணு பேரு நிக்காங்க, அவங்க முன்னாடி "அண்ணே நீங்க பில்லு காட்டுங்க, பில்லு இருந்தா பேசலாம்"ங்கான். பில்லு தராதவன் பில்லு கேக்கான். "16,500 ரூபாய்டா தம்பி"ன்னேன். "அது இன்ஸ்டலேஷன் சார்ஜ், ரிட்டர்ன் கெடையாது, உங்க ஏரியாவுல மரம் நிக்கதுக்கு நான் என்ன செய்ய, மரத்த வெட்டுங்க." என் மரத்த வெட்ட சொல்லுதான்! என் வீட்டு காப்பிய குடிச்சவன்.

அவன் முன்னாடி ஒரு நோட்டு விரிச்சு வச்சிருந்தான், அதான் இத இன்னைக்கே எழுதுதேன். சாட்டிலைட் நெட்டுக்கு முன்பதிவு, ஆளுக்கு 5,000. நாங்க நிக்கும்போதே ஒரு வயசான ஆளு எண்ணிக் குடுக்காரு. சாட்டிலைட் நெட் குடுக்கற ஸ்டார்லிங்க் கம்பெனிக்கு இந்தியாவுல 2025 ஜூன்ல தான் லைசென்ஸே கெடச்சுது, அதுக்கு முன்னால 2021ல லைசென்ஸ் இல்லாம புக்கிங் எடுத்தப்ப யாரும் சேராதீங்கன்னு அரசாங்கமே சொல்லி, அப்புறம் வாங்கினத திருப்பி குடுத்தாங்க. ஊர்ல ரீசார்ஜ் கடைக்காரன் கோடு போட்ட நோட்டுல பேரு எழுதி வாங்கறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அந்த பெரியவர வெளிய கூப்பிட்டு சொன்னேன், அவரு என்ன சந்தேகமா பாத்துட்டு உள்ள போயிட்டாரு.

என்ன செய்யணும்னு வெவரமா எழுத தான் நெனைச்சேன், இப்பம் முடியல. பில்லு இல்லாம, கடை பேர்ல இல்லாத அக்கவுண்டுக்கு பைசா போடாதீங்க. ரவுட்டர்ல சிம் இருக்கான்னு கவுத்து பாருங்க, ஃபைபர்னா வீட்டுக்குள்ள மெலிசா ஒரு கம்பி கண்டிப்பா வரும். ஸ்பீடு டெஸ்ட்ட நீங்களே போடுங்க, அவன் கையில மொபைல குடுக்காதீங்க. ரேகை பதியலன்னு சொன்னா அன்னைக்கே சஞ்சார் சாத்தில பாருங்க. நான் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சு புகார் குடுத்திருக்கேன், திங்கக்கிழமை நாகர்கோவில் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போறேன், ஜிபே ஸ்கிரீன்ஷாட் ரெண்டும் இருக்கு, 10,000 ஒண்ணு, 6,500 ஒண்ணு.

இதயும் வீட்டுல இருந்து போட முடியல, சானல் பாலத்துல நின்னு தான் போடுதேன். மழை தூறுது, சார்ஜ் நாலு பர்சென்ட்.