சைலன்சர் ஸ்டட் உடைந்தது, கூடவே 4,350 ரூபாயும் போனது: டூவீலர்காரர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போகுது போ" என்று விட்டுவிடுவேன், என் குணம் அப்படி. போனது 4,350 ரூபாய். கடைப் பெயரைப் போடப்போவதில்லை. வடசென்னையில், ஒரு லேத் மிஷினையும் வைத்துக்கொண்டு டூவீலர் வேலை பார்க்கும் கடை, அவ்வளவுதான். உடைந்த போல்ட்டை எப்படி எடுக்க வேண்டும், எடுக்கத் தெரிந்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி 150 சிசி, பதினோரு வருஷம் ஓடியது. வீடு காசிமேட்டில், கடலிலிருந்து இரண்டாவது தெரு. எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் சைக்கிள் செயின்கூட ஒரு மழைக்காலம் தாங்காது. இஞ்சின் ஹெட் அலுமினியம், அதில் ஏறியிருக்கும் சைலன்சர் ஸ்டட், அதாவது சைலன்சரைப் பிடித்திருக்கும் தலையில்லாத போல்ட், இரும்பு. நடுவில் உப்பு ஈரம் இறங்கினால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து மரையைக் கவ்விக்கொள்ளும். அதற்கு மேல் தினமும் சூடாவதும் ஆறுவதும் வேறு.

சைலன்சர் வாயில் புகை கசிந்து, ஆக்சிலேட்டரை விட்டால் பட் பட்டென்று வெடித்தது. புகை கசியாமல் நடுவில் அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றினால் போதும் என்று போன ஞாயிற்றுக்கிழமை நானே பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டேன். முதல் நட்டு வந்தது. இரண்டாவது முரண்டு பிடித்து, திடீரென்று லேசானது. அப்பாடா, கழன்றது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். பார்த்தால் ஸ்டட்டே முறிந்து நட்டோடு கையில் வந்திருக்கிறது. மீதி ஹெட்டுக்குள், வெளியே துளிகூட நீட்டிக்கொண்டில்லை. இதுவரை என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை வண்டியைத் தள்ளிக்கொண்டே அந்தக் கடைக்குப் போனேன். முறிந்த துண்டையும் காட்டினேன். கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, மேட்டரே இல்ல. தொட்டா வந்துரும்" என்றார். நான் தயங்கியதும் உள்ளே போய் ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். முக்கால் பாட்டிலுக்கு முறிந்த போல்ட்டுகள், ஸ்டட்டுகள். "அல்லாம் நம்ம எட்த்ததுண்ணா." ஒவ்வொன்றாக உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். இது ஆட்டோவுது, இது ஸ்கூட்டர் கிராங்க் கேஸுது. நான் விழுந்தது அந்தப் பாட்டிலில்தான். பல் டாக்டர் பிடுங்கின பல்லையெல்லாம் பாட்டிலில் போட்டு வைத்திருந்தால் அவர் ஒழுங்காகப் பிடுங்குவார் என்று அர்த்தமா? அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அட்வான்ஸ் 1,500. சாயங்காலம் போன்: "உள்ள நல்லா மாட்டிக்கிச்சுண்ணா, ஹெட்ட எறக்கணும், கேஸ்கெட்டோட 2,000 ஆவும்." அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை காலை இன்னொரு போன்: மரை போய்விட்டதாம், ஹெலிகாயில், அதாவது புது மரைக்கான கம்பிச் சுருள், போட 850. அதையும் அனுப்பினேன். ஆக 4,350. பில் கேட்டதற்கு, "நம்மளுக்குள்ள பில்லு எதுக்குண்ணா?" என்று தோளில் கை போட்டார்.

வியாழன் காலை எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், பக்கத்தில் கன்டெய்னர் லாரி வரும்போது, வண்டிச் சத்தம் மாறியது. ஓரங்கட்டினேன். சைலன்சர் ஒற்றை நட்டில் ஆடிக்கொண்டிருந்தது. "புது" ஸ்டட்டை இரண்டு விரலால் இழுத்தேன், வந்துவிட்டது. அதைச் சுற்றி சாம்பல் நிறத்தில் ஏதோ பசை, ஈர சிமென்ட் மாதிரி. மரையில் ஏற்றவே இல்லை, ஒட்டியிருக்கிறார்.

கடைக்குப் போனால் பையன் மட்டும் இருந்தான். "அண்ணன் வெளிய போயிருக்காரு." மேஜை மேல் அதே ஊறுகாய் பாட்டில். மேலாகக் கிடந்தது என் ஸ்டட் துண்டு, நான் முறித்த துண்டு, நட்டோடு! வெள்ளிக்கிழமை போனில், நான் ஓவராக டைட் பண்ணியிருப்பேனாம். மறுபடி அடித்தால் ஸ்டட் குவாலிட்டியே இப்போது சரியில்லையாம். மூன்றாவது தடவை, "சார், ஓட்டிப் பாத்துட்டுதான எட்த்துட்டுப் போனீங்க?" காசு கொடுக்கும்வரை அண்ணா, அப்புறம் சார். இப்போது போனையே எடுப்பதில்லை.

நேற்று தண்டையார்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். பசையைச் சுரண்டிவிட்டு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். துளைக்குள் பளபளவென்று ஒரு முனை. ஈசி அவுட், அதாவது உடைந்த போல்ட்டில் துளை போட்டு இறக்கித் திருப்பி எடுக்கும் கருவி, உள்ளேயே முறிந்து கிடக்கிறது. துளையும் நடுவில் இல்லை. ஸ்டட்டைவிட அலுமினியம் மெத்து, நடுவில் பஞ்ச் அடித்துக் குழி போடாமல் துளைத்தால் பிட் அந்தப் பக்கம் ஓடிவிடும். ஈசி அவுட் டிரில் பிட்டுக்கு மசியாத கடினம், சாதாரணப் பிட் வழுக்கிக்கொண்டுதான் போகும். "ஹெட்ட எறக்குனானா? யார் சொன்னது?" என்று ஹெட் நட்டுகளை விரலால் தொட்டுக் காட்டினார். நாலிலும் பழைய அழுக்கும் உப்பும் அப்பியிருக்கின்றன, ஸ்பேனர் பட்ட கீறல்கூட இல்லை. ஹெலிகாயிலும் இல்லை. இப்போதுதான் ஹெட்டை நிஜமாகவே இறக்கி, மின்பொறியால் இரும்பை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மிஷினில் எடுக்க அம்பத்தூருக்குக் கொடுத்திருக்கிறது. அதற்குத் தனிச் செலவு. 4,350 போனது போனதுதான்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசு, நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால், கட்டணமே கிடையாது என்கிறான் நண்பன். பேசத்தான் போகிறேன். கையில் பில் இல்லை, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், பொறுமை இல்லை. இறுகின நட்டைச் சும்மா முறுக்காதீர்கள். துரு நீக்கும் ஆயிலை முந்தின நாள் ராத்திரியே விட்டு ஊறவையுங்கள். வராவிட்டால் ஹெட்டைச் சூடு காட்டச் சொல்லுங்கள், இரும்பைவிட அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். பெட்ரோல் டேங்கைக் கழற்றாமல் நெருப்பைக் கிட்டே கொண்டுவர விடாதீர்கள். முறிந்தே போனால், அதன் மேல் நட்டை வைத்து வெல்டு அடித்துத் திருப்பத் தெரியுமா என்று கேளுங்கள். எடுத்த எடுப்பில் ஈசி அவுட்டைத் தூக்கினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். ஹெட் இறக்கினேன் என்றால் பழைய கேஸ்கெட்டைக் கையில் வாங்குங்கள். உள்ளே முறிந்த துண்டையும்தான். தருகிறேன் என்று சொல்லிவிட்டு பாட்டிலைக் காட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.