டீசல் கிளீனர் பாட்டில்: மலையில் கார் ஓட்டுபவர் எதை வாங்கலாம், எப்போது வாங்கலாம்?

குன்னூரிலும் ஊட்டியிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் டீசல் கிளீனர் பாட்டில்கள் இப்போது கண்ணில் படும்படி முன்வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. ‘இன்ஜின் முழுவதையும் சுத்தம் செய்யும்’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். 1,248 சிசி டீசல் இன்ஜின் கொண்ட பழைய ஸ்விஃப்ட் ஒன்றைக் குன்னூரிலேயே பல காலமாக ஓட்டி வரும் நான், இவற்றுள் சிலவற்றைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். நல்ல கிளீனர் வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனால் அது வேலை செய்யும் இடம் மிகச் சிறியது. கோளாறு அந்த இடத்தில்தான் என்று தெரிந்த பிறகே அதற்குக் காசு கொடுக்க வேண்டும்.

டேங்கில் ஊற்றும் எந்தத் திரவமும் டீசல் போகும் பாதையில்தான் போகும். டேங்க், ஃபில்டர், பம்ப், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஆகியவற்றைக் கடந்து, சிலிண்டருக்குள் எரிந்து, புகையாக வெளியேறிவிடும். புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வும், காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டும் காற்று போகும் பாதையில் இருப்பதால், டீசல் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. நம் ஊர் வண்டிகளில் கரி அதிகமாகப் படிவதோ அங்கேதான். வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் குறுகிய ஓட்டத்தில் இன்ஜின் முழுச் சூட்டை அடைவதில்லை. போதாததற்கு, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ வேகம் பிடிக்கும் முன் ஏற்றத்தில் அழுத்தினால் கரும்புகை வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இஜிஆரில் படிந்த கரியை மெக்கானிக் கழற்றித்தான் சுத்தம் செய்ய முடியும். எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அது அப்படியே இருக்கும்.

ஆகவே பாட்டில் வாங்கும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கியிருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்துப் பார்ப்பது. பனிக்காலத்தில் பாதி காலியான டேங்கின் உட்சுவரில் ஈரம் வியர்த்து நீராக இறங்குவதால், இங்கே இது மிகவும் அவசியம். வடித்த டீசலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், தண்ணீர் அடியில் தனிப் படலமாகப் பிரிந்து நிற்பதையும், இரண்டுக்கும் நடுவே கரும்பொடி மிதப்பதையும் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படியிருந்தால் முதல் செலவு புது ஃபில்டருக்குத்தான். (வடித்ததை மண்ணில் கொட்டிவிடாதீர்கள், இந்த மலையில் எந்தச் சரிவுக்கும் கீழே ஓர் ஊற்று இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.)

இரண்டாவது, இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் போகாமல் இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசலை அளந்து பார்ப்பது. எனக்கு அதைச் செய்து காட்டிய மெக்கானிக், “கிளீனர் அப்புறம் ஊத்திக்கலாம் சார், முதல்ல இதப் பாருங்க” என்று சொல்லி, நான்கு இன்ஜெக்டர்களிலும் மெல்லிய குழாய்களை மாட்டி, ஒவ்வொன்றையும் ஒரு சிறு பாட்டிலுக்குள் விட்டு, இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டார். நான்கு பாட்டிலிலும் டீசல் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் ஏறினால் நல்லது. ஒன்றில் மட்டும் மளமளவென்று நிறைந்தால், அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது என்று பொருள். அழுக்கைக் கரைக்கலாம், தேய்ந்த உலோகத்தை எந்தத் திரவமும் திருப்பித் தராது. நான்கும் சமமாக இருந்தும் ஐடிலிங்கில் நடுக்கம், லேசான மிஸ்ஸிங், மைலேஜில் சிறு குறைவு ஆகியவை தெரிந்தால், இன்ஜெக்டர் முனையில் படிவு இருக்க வாய்ப்புண்டு. கிளீனருக்கு உரிய இடம் இதுதான்.

எதை வாங்குவது? படிவை நீக்குவது டிடர்ஜென்ட் என்ற பொருள். டீசலில் இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது பாலிஐசோபியூட்டின் சக்சினிமைடு வகை. செட்டேன் பூஸ்டர் என்று விற்கப்படுபவற்றில் இருப்பது பெரும்பாலும் 2-எத்தில்ஹெக்சைல் நைட்ரேட். அது டீசல் தீப்பற்றும் நேரத்தைக் குறைக்குமே தவிர எதையும் சுத்தம் செய்யாது. புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரமான பிஎஸ்-6-க்கு ஏற்ற டீசலின் செட்டேன் எண் (எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்பதன் அளவு) 51-க்குக் குறையக் கூடாது என்று விதியே இருப்பதால், உறைபனிக் காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும் வண்டிக்கு வேண்டுமானால் அது உதவலாம். நீரை அகற்றுவதாகச் சொல்லும் பாட்டில்களில் ஆல்கஹால் கலந்தவற்றை நான் வாங்குவதில்லை. அவை நீரை டீசலோடு கலந்து இன்ஜெக்டர் வரை கொண்டுபோய்விடும். பம்புக்கு வேண்டிய வழவழப்பையும் குறைக்கும். நீரைப் பிரித்து ஃபில்டரின் அடியில் தங்கவைக்கும் வகையே, மிக அதிக அழுத்தத்தில் டீசல் தெளிக்கும் காமன் ரெயில் இன்ஜினுக்குப் பொருத்தமானது. மண்ணெண்ணெய், டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) போன்ற கைவைத்தியங்களை அறவே தவிர்க்க வேண்டும்.

நான் பயன்படுத்தியவற்றில் எனக்கு நிறைவு தந்தது லிக்வி மோலியின் டீசல் பர்ஜ். டேங்கில் ஊற்றுவதோடு, ஒர்க்‌ஷாப்பில் டீசல் குழாயைக் கழற்றி நேராக இந்த பாட்டிலிலேயே விட்டு, இன்ஜினை இதைக் கொண்டே ஓடவைக்கவும் முடியும் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. டேங்க் முழுக்க டீசலில் கரைந்து நீர்த்துப்போன மருந்தைவிட, கலப்பில்லாமல் நேரே இன்ஜெக்டருக்குப் போவது வலுவாக வேலை செய்கிறது. என் வண்டியில் ஐடிலிங் நடுக்கம் தெளிவாகக் குறைந்தது. பிக்கப்பில் மாற்றம் எதுவும் தெரியவில்லை, மைலேஜில் தெரிந்ததும் சொற்பமே. இந்த வேலையைக் குழாய் இணைப்புகளைப் பற்றி நன்கு தெரிந்தவரிடம் மட்டுமே கொடுங்கள். உள்ளே காற்று புகுந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிடும்.

டேங்கில்தான் ஊற்றப் போகிறீர்கள் என்றால், கீழே இறங்கும் பயணமாகப் பார்த்து, மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்த பிறகு ஊற்றி, அதன்மேல் டீசல் நிரப்புங்கள். மலை இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜெக்டர் டீசல் தெளிப்பதையே நிறுத்திவிடுவதால், அங்கே மருந்துக்கு வேலை குறைவு. சமவெளியில் சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓடும்போதுதான் அது முனையில் இடைவிடாமல் பட்டுக்கொண்டிருக்கும். அந்த டேங்க் தீர்ந்ததும் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். பழைய டேங்கிலிருந்து கிளம்பிய அழுக்கெல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்திருக்கும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 கார்களில் புகைவடிகட்டியான டிபிஎஃப் இருப்பதால், அட்டையில் டிபிஎஃப் உள்ள வண்டிக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் மட்டுமே வாங்க வேண்டும். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் முதலில் தேவைப்படுவது சமவெளியில் நிற்காத ஒரு நெடும் ஓட்டம்; பாட்டில் பிறகு. ஆட்ப்ளூ (புகையின் நச்சைக் குறைக்கும் யூரியா கரைசல்) டேங்க் உள்ள வண்டிகளில் அதன் நீல மூடிக்குள் எந்தக் கிளீனரும் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. பங்க்கில் ஊற்றித் தரச் சொல்லும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.