ரேஞ்சர் பிக்கப்பில் எக்ஸ்ப்ளோரரின் பின் ஆக்சில்: காயலான் கடைச் சரக்கு எவ்வளவு தாங்கியது?

வண்டி 2003 மாடல் ஃபோர்டு ரேஞ்சர். வி6 எஞ்சின், பின்சக்கர இழுவை மட்டும். ஓடுவது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில். அதில் இப்போது இருக்கும் பின் ஆக்சில் (பின்சக்கரங்களைச் சுழற்றும் அச்சு) கம்பெனியில் மாட்டியது இல்லை. காயலான் கடையில் கிடந்த ஒரு எக்ஸ்ப்ளோரரிலிருந்து (ஃபோர்டின் எஸ்யூவி) கழற்றி வந்தது. பல குளிர்காலங்களைப் பார்த்துவிட்டதால், இனி அதைப் பற்றித் தைரியமாக எழுதலாம்.

பழைய ஆக்சில் 7.5 அங்குல கிரவுன் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம்) கொண்டது. பின்பக்கம் சுமை இல்லாமல் பனியில் ஏறினால் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றும், வண்டி நகராது. போதாக்குறைக்கு, கிரவுனைச் சுற்றும் சின்ன பல்சக்கரமான பினியனின் பேரிங்கும் ஊளையிட ஆரம்பித்தது. அதைப் பிரித்துச் சரிசெய்யக் கேட்ட கூலிக்கு வேறு ஆக்சிலே வாங்கிவிடலாம் என்று தோன்றியது.

ரேஞ்சர்காரர்கள் எல்லோரும் தேடுவது 1995 முதல் 2001 வரையிலான எக்ஸ்ப்ளோரரின் ஆக்சிலைத்தான். கிரவுன் 8.8 அங்குலம், ஷாஃப்டில் 28-க்குப் பதில் 31 ஸ்பிளைன் (நுனியில் வெட்டிய பற்கள்), டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக். சக்கரத்துக்கு அதே ஐந்து போல்ட், அதே 4.5 அங்குல வட்டம் என்பதால் ரேஞ்சரின் சக்கரங்களே மாட்டும். 1997 முதல் 2001 வரை வந்த மெர்க்குரி மவுன்டனீரிலும் இதே ஆக்சில் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை, நமக்கு நல்லது. 2002-ல் புது எக்ஸ்ப்ளோரர் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறிவிட்டது, அது உதவாது.

சென்னை புதுப்பேட்டையில் கடைக்காரரே கழற்றி எடுத்து வைத்திருப்பார், விலை பேசுவது மட்டும்தான் நம் வேலை. இங்கே வாசலில் ஒன்றிரண்டு டாலர் கட்டிவிட்டு, சொந்த ஸ்பேனர் பெட்டியோடு உள்ளே போய் நாமே கழற்ற வேண்டும். விலை பலகையில் இருக்கும், பேரம் கிடையாது. கேஸ் கட்டிங்குக்கு அனுமதி இல்லை. சாலையில் உப்பு கொட்டும் ஊர் என்பதால் யூ போல்ட் நட்டெல்லாம் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். பேட்டரியில் ஓடும் ரம்பம் இல்லாமல் போகாதீர்கள். புரொபெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளுக்கு 12 மி.மீ., 12 முனை சாக்கெட் வேண்டும். ஆறு முனை சாக்கெட் அதில் உட்காரவே உட்காராது.

முதலில் டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் ஆக்சில் குறியீடு பாருங்கள். 'டி4' என்றிருந்தால் கிரவுன்-பினியன் விகிதம் 3.73, லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றாமல் கிளட்ச் பிளேட்டால் தடுக்கும் அமைப்பு). டிப்பரன்ஷியல் மூடி போல்ட்டில் தொங்கும் தகட்டிலும் '3எல்73' என்று இருக்கும். நடுவில் இருக்கும் எல்தான் முக்கியம். என் பழைய ஆக்சிலும் 3.73 என்பதால் ஸ்பீடாமீட்டர் தொல்லை வரவில்லை. விகிதம் மாறினால் கம்ப்யூட்டரில் திருத்த வேண்டியிருக்கும்.

மற்ற எதையும் தொடுவதற்கு முன் பின்மூடியைத் திறந்துவிட வேண்டும். பத்து போல்ட், அவ்வளவுதான். கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் வடிந்ததும் உள்ளே இருக்கும் காந்தத்தை விரலால் வழித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல வந்தால் கவலை இல்லை, எல்லா ஆக்சிலிலும் அது இருக்கும். நகத்தில் நெருடுகிற துண்டு வந்தால் மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போகலாம். கிரவுன் பற்களில் தேய்மானம் ஒரே சீராக, பல்லின் நடுவில் இருக்க வேண்டும். பினியன் ஃபிளாஞ்சை (புரொபெல்லர் ஷாஃப்ட் மாட்டும் வட்டத் தகடு) பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் துளியும் ஆடக்கூடாது. சுற்றும் திசையில் மிகச் சின்ன தளர்வு இருப்பது இயல்பு. இரண்டு சக்கரமும் தூக்கலாக இருக்கும்போது ஒன்றைக் கையால் சுற்றினால் மற்றதும் அதே திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் ஒன்று அது லிமிடெட் ஸ்லிப்பே இல்லை, அல்லது உள்ளே கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது.

பொறுமை இருந்தால் ஒரு ஷாஃப்டையும் உருவிப் பார்த்துவிடலாம். இந்த ஆக்சிலில் சக்கர பேரிங் நேராக ஷாஃப்ட் மேலேயே உருளும், தனி உள்வளையம் கிடையாது. பேரிங் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் கசியும். ஷாஃப்டை எடுக்க நடு பின்னைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டைக் கழற்ற வேண்டும். அது ஒடிவதற்கென்றே பிறந்தது. ஒடிந்தால் கடைக்காரருடைய வண்டியிலேயே ஒடியட்டும்.

நேராகத் தூக்கி மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எக்ஸ்ப்ளோரரில் ஆக்சில், பட்டை ஸ்பிரிங்குக்கு மேலே உட்காரும், ரேஞ்சரில் கீழே. அதனால் பழைய ஸ்பிரிங் இருக்கைகளை அறுத்துவிட்டு, மறுபக்கத்தில் புதியவற்றை வெல்டு செய்ய வேண்டும். முதலில் புள்ளி வைத்து, வண்டியின் எடையை ஸ்பிரிங் மேல் இறக்கி, பினியன் கோணம் பார்த்து, அப்புறம்தான் முழு வெல்டு. அதையும் ஒரே மூச்சில் ஓட்டினால் குழாய் வளைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, பக்கம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். எனக்கு வெல்டிங் கை வராது, கூலி கொடுத்துச் செய்தேன். ஆக்சிலோடு ஹேண்ட் பிரேக் கேபிள்கள், பிரேக் ஹோஸ், புரொபெல்லர் ஷாஃப்டின் பின்பக்க ஃபிளாஞ்ச் எல்லாவற்றையும் அந்த வண்டியிலிருந்தே எடுத்து வந்தது புண்ணியம்.

சரி, எப்படி உழைத்தது? இரும்பைக் குறை சொல்ல எதுவுமே இல்லை. கிரவுன் பினியன் இன்றுவரை சத்தம் போடவில்லை. பனியில் வித்தியாசம் கண்கூடு; கராஜ் ஏற்றத்தில் முன்பு மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு போராடியது போய், இப்போது இரண்டு சக்கரமும் சேர்ந்து தள்ளுகின்றன. ஆரம்பத்தில் பார்க்கிங்கில் திரும்பும்போது பின்னாலிருந்து கடகடவென்று அதிர்வு வந்தது. கியர் ஆயிலோடு, பிளேட் உராய்வை மிருதுவாக்கும் 4 அவுன்ஸ் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் சேர்த்து, காலி மைதானத்தில் எட்டுப் போட்டு ஓட்டியதும் அடங்கியது.

செலவு வைத்ததெல்லாம் சுற்றியிருக்கும் சில்லறைச் சாமான்கள்தான். ஹேண்ட் பிரேக்குக்கு டிஸ்க்கின் நடுவில் குட்டி டிரம் ஒன்று இருக்கிறது. அதன் லைனிங் துருவேறிப் பெயர்ந்து உள்ளேயே உருண்டது. காலிப்பர் பின்கள் இறுகிக்கொண்டு ஒரு பக்க பேட் மட்டும் தேய்ந்தது. அப்புறம் ஒரு பக்க சீலும் பேரிங்கும். ஆக்சில் 150 டாலர் சொச்சம்; வெல்டிங், டிஸ்க், பேட், கேபிள் எல்லாம் சேர்ந்து அதைப் போல இரண்டு மடங்கு தாண்டிவிட்டது. பலகை விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன தடவை ஆயில் மாற்றும்போது சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். மற்றது கொஞ்சம் தயங்கி, எதிர்த்திசையில் போயிற்று. கிளட்ச் பிளேட் ஓய்கிறது. ஃபோர்டின் மஸ்டாங்கிலும் எஃப்-150-யிலும் இதே 8.8 வந்திருப்பதால் பிளேட் செட் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. அடுத்த பனிக்குள் மாற்றிவிட வேண்டும்.