கூகுள் ஸ்காலர் புரொஃபைல்: டர்பனிலிருந்து ஒரு விமர்சனம்

இலவசமாகக் கிடைக்கும் சேவைகளில் ஆராய்ச்சியாளர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது கூகுள் ஸ்காலர் புரொஃபைலைத்தான்: ஒருவர் எழுதிய கட்டுரைகளையும், பிறர் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதையும் ஒரே இடத்தில் காட்டும் பக்கம் அது. அதில் தெரியும் எண்ணை வைத்து ஆளோடு ஆளை ஒப்பிடாதீர்கள் என்றும் கையோடு சொல்லிவிடுவேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு வேலை. ஆராய்ச்சியாளர்களுக்கு இங்குள்ள தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை (என்ஆர்எஃப்) வழங்கும் தர மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்களின் கட்டுரைப் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். நாள் முழுக்க இந்தப் பக்கங்களோடுதான் பொழுது போகிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். எல்செவியர் நிறுவனத்தின் மேற்கோள் தரவுத்தளமான ஸ்கோபஸ், தான் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். ஸ்காலர் ஆய்வேடு, புத்தகம், மாநாட்டுக் கட்டுரை, சின்ன இதழ் என்று எல்லாவற்றையும் துழாவும். நேட்டால் கரும்புத் தோட்டத் தமிழர்களின் வரலாற்றை எழுதுகிறவருக்கு இது பெரிய விஷயம். அந்த உழைப்பில் பாதி புத்தகங்களில்தானே இருக்கிறது!

தலைவலி பெயரில்தான். கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி: டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் ஒரே தெருவில் இந்தப் பெயர்களோடு எத்தனை பேர்! முதலெழுத்தும் ஒன்றாகிவிட்டால் பல் மருத்துவரும் மண்வள ஆய்வாளரும் ஒரே தேடலில் வந்து நிற்பார்கள். புரொஃபைல் தொடங்கும்போது ஸ்காலர் கட்டுரைகளைக் கொத்தாகக் காட்டி உங்களுடையவையா என்று கேட்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சேருங்கள். புதிய கட்டுரைகள் தானாகச் சேராமல், மின்னஞ்சலில் கேட்ட பிறகே சேரும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். மேற்கோள் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரக் குறி இருந்தால் அதையும் சொடுக்கிப் பாருங்கள். வேறு கட்டுரைக்கு வந்த மேற்கோளும் அந்த எண்ணில் கலந்திருக்கலாம் என்பதுதான் அதன் பொருள்.

அப்புறம் புரொஃபைலில் தெரியும் எச்-இண்டெக்ஸ். ஒவ்வொன்றும் குறைந்தது 20 மேற்கோள் பெற்ற 20 கட்டுரைகள் இருந்தால் எச் 20. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவு இது. அவருடைய அந்தக் கட்டுரையிலேயே இயற்பியலில் எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிரியலில் சாலமன் ஸ்னைடருக்கு 191 என்று இருக்கிறது. துறைக்குத் துறை எண் மாறும் என்பதை அவரே சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் இந்த வித்தியாசம் இன்னும் கண்ணில் அறையும். எச்ஐவி, காசநோய் ஆராய்ச்சிக்கு டர்பன் உலக மையங்களில் ஒன்று. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் கட்டுரைகளும் மருத்துவத்தில் உண்டு, அவற்றில் சில ஆயிரக்கணக்கில் மேற்கோள் வாங்கும். தூய கணிதத்தில் ஒரு நிரூபணம் மெல்லத்தான் பரவும்.

ஒரு குழுவின் குறிப்பில் கணிதக்காரர் ஒருவரின் எண்ணை மருத்துவ ஆய்வாளர் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, பின்தங்கியவர் என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. அந்த மனிதர் தன் துறையில் மதிக்கப்படுகிறவர். ஸ்காலர் பக்கத்தில் அதைக் காட்ட ஒரு வழியும் இல்லை. இதுதான் இந்தச் சேவையின் பெரிய குறை.

ஸ்கோபஸில் துறைவாரியாகச் சமன்செய்த மேற்கோள் அளவு உண்டு. அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளோடுதான் ஒப்பிடும். உலகச் சராசரி 1. கணிதக்காரருக்கு 1.5 வந்தால் சராசரியைவிட 50 சதவீதம் அதிகம் என்று தைரியமாகச் சொல்லலாம். முழு வசதிக்கு நிறுவனச் சந்தா வேண்டும். சந்தா இல்லாதவர்கள் 2022இல் தொடங்கிய ஓபன்அலெக்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தைப் பாருங்கள், தளத்தில் தேடிப் பார்க்கக் காசு கிடையாது. ஆனால் ஒரே பெயர்க்காரர்கள் அதிலும் கலந்துவிடலாம் என்பதால் பட்டியலைச் சரிபார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.

என்ஆர்எஃப் விண்ணப்பத்தில் உங்கள் கட்டுரைகளைத் துறை அறிந்தவர்கள் மதிப்பிடுகிறார்கள். எண்ணை அவர்கள் தாங்களே சரிபார்க்கலாம் என்பதால், எச்-இண்டெக்ஸைப் போடுவதானால் எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். ஓர்கிட் எண் (ஒவ்வொரு ஆராய்ச்சியாளருக்கும் தனித்தனியாகத் தரும் அடையாள எண்) இல்லாதவர்கள் அதை முதலில் வாங்கிவிடுங்கள், காசு கிடையாது. அடுத்த கட்டுரையை அனுப்பும்போதே அந்த 16 இலக்கத்தைச் சேர்த்துவிட்டால் வேறொரு நாயுடுவின் கணக்கில் அது போய்ச் சேரும் வாய்ப்பு குறையும்.