சொந்தத்தில் தத்தா, காரா வழியா?

தத்தெடுக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எது சீக்கிரம் முடியும்?" என்றுதான். அதற்கு முன்னால் குழந்தை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பெற்றவர்களிடமா, காப்பகத்திலா? எந்தச் சட்டம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

அண்ணன் பிள்ளையையோ தங்கை பிள்ளையையோ தத்தெடுக்கும் குடும்பங்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இருக்கிறது. இந்து, பௌத்த, சமண, சீக்கியர்களுக்கு மட்டும் பொருந்தும். பெற்ற தாயும் தகப்பனும் சம்மதித்துக் குழந்தையைக் கொடுக்க வேண்டும், தத்தெடுப்பவர் வாங்கிக்கொள்ள வேண்டும். இதுதான் முக்கியம், தத்த ஹோமம் என்ற தீ வளர்க்கும் சடங்கு கட்டாயமில்லை. பத்திரப்பதிவும் கட்டாயமில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட தத்துப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், தத்து முறைப்படி நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். நாளைக்குச் சொத்துப் பிரிக்கும்போது "இவன் எங்கள் பங்காளியே இல்லை" என்று யாராவது கிளம்பினால், பிள்ளைக்குத் துணை நிற்பது அந்தப் பத்திரம்தான்.

இந்த வழியில் கட்டுப்பாடுகளும் உண்டு. மகனோ மகன் வழிப் பேரனோ இருப்பவர் ஆண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. மகளோ மகன் வழிப் பேத்தியோ இருந்தால் பெண் குழந்தை முடியாது. தனி வழக்கம் இருந்தாலொழிய, குழந்தைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது.

காப்பகக் குழந்தைகளுக்கு 2015-இன் சிறார் நீதிச் சட்டம். இதைக் கவனிப்பது காரா (CARA) என்ற மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையம், அதனால் நடைமுறையில் எல்லோரும் 'காரா வழி' என்பார்கள். எந்த மதத்தவரும் வரலாம். முன்பெல்லாம் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளர் ஆவதுதான் பொதுவான வழி. குழந்தைக்கு 18 வயதானதும் அந்த உறவு சட்டப்படி முடிந்துவிடும். இன்று அவர்களும் முழுப் பெற்றோராகவே ஆகலாம். எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

இணையத்தில் பதிவு செய்ததும் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து வீட்டாய்வு அறிக்கை எழுதுவார். அப்புறம் நீண்ட காத்திருப்பு. கைக்குழந்தைதான் வேண்டும் என்றால் மூன்று ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். ஒருநாள் குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் வரும். 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியில் அறிக்கையை உங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிறகு காப்பகம் போய்க் குழந்தையைப் பார்க்கலாம். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே தருகிறார். அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தை எப்படியிருக்கிறது என்று வந்து பார்ப்பார்கள்.

இங்கே வயது வரம்பு உண்டு: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது, தனியாள் என்றால் 40. தனியாக வாழும் ஆணால் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. 1956 சட்டத்தில் 21 வயது வித்தியாசம் இருந்தால் முடியும். ஒரு மகன் இருப்பவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க, காரா வழியில் தடையில்லை.

காத்திருப்பு நீளும்போதுதான் ஆபத்து வருகிறது. "ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை இருக்கிறது, முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது போன் செய்வார்கள். அது தத்தே கிடையாது. 2019-இல் ராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனை விவகாரத்தை நாம் மறக்கக் கூடாது. குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்து ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. 1956 சட்டமும் தத்துக்காகப் பணம் கைமாறுவதைக் குற்றம் என்றே சொல்கிறது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஆசையாக வளர்த்த பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு எடுத்துக்கொண்டு போவது.

காரா வழியில் வேகம் குறைவதற்கு நியாயமும் இருக்கிறது. பெற்ற தாய் குழந்தையை ஒப்படைத்தாலும், மனம் மாறித் திரும்பக் கேட்க அவளுக்கு இரண்டு மாதம் உண்டு. அந்த அவகாசத்தை நான் மனமார ஆதரிக்கிறேன்.

சொந்தக்காரக் குழந்தை, இந்துக் குடும்பம், முன்சொன்ன தடைகள் எதுவும் இல்லை என்றால் 1956 சட்டமும் பதிவுசெய்த பத்திரமும் போதும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு உறவுக் குழந்தையைத் தத்தெடுக்க சிறார் நீதிச் சட்டத்திலேயே தனி வழி இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். மற்ற எல்லோரும் இன்றே காராவில் பதிவு செய்யுங்கள், வரிசை பதிவுத் தேதியை வைத்துத்தான் நகர்கிறது.