ஜாவா 8-ஐ விட்டு எங்கே போவது: 11, 17, 21?

ஜாவா நிரல்மொழியின் 8-ஆம் பதிப்பு வந்தது 2014 மார்ச்சில். லாம்டா, ஸ்ட்ரீம், புதிய தேதி-நேர வகுப்புகள் என்று அது தந்தவை அன்றாட வேலைக்கு இன்றும் போதும். கட்டணம் செலுத்துவோருக்கு ஆரக்கிள் 2030 டிசம்பர் வரை ஆதரவும் தருகிறது. ஆனால் அதோடு சேர்த்துப் பயன்படுத்தும் லைப்ரரிகள் முன்னே போய்விட்டன. ஜாவாவில் சர்வர் அப்ளிகேஷன் எழுதப் பலரும் பயன்படுத்தும் ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டின் 3-ஆம் பதிப்புக்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும். 8-இல் ஓடும் ஸ்பிரிங் பூட் 2.7-க்கு இலவச ஆதரவு 2023 நவம்பரோடு முடிந்தது. இனி அதில் பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் அடைக்க ஆள் தேட வேண்டும். 8-ஐ விட்டு நகர இந்த ஒரு காரணமே போதும். போகக்கூடியவை நீண்டகால ஆதரவு உள்ள 11, 17, 21 பதிப்புகள்.

11-இல் நிற்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்ட்டாக மாற்றும் ஜேஏஎக்ஸ்பி (JAXB) போன்றவை ஜாவாவின் டெவலப்மென்ட் கிட்டான ஜேடிகே-யிலிருந்து நீக்கப்பட்டது 11-இல்தான், அதனால் அவற்றைத் தனியாகச் சேர்க்கும் வேலை எப்படியும் உண்டு. ஜாவாவின் உள் வகுப்புகளை ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே வகுப்புகளின் உள்ளே எட்டிப் பார்க்கும் வசதி) வழியாகத் தொடும் பழைய லைப்ரரிகளுக்கு 11 எச்சரிக்கை மட்டும் தரும். 17-இல் அதுவே எரர் ஆகிவிடும். அதாவது 11-இல் நின்றுவிட்டுப் பிறகு 17-க்குப் போனால் முழு டெஸ்டிங்கையும் இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

8-லிருந்து 17-க்குப் போவதுதான் உண்மையான மலையேற்றம். திரும்பத் திரும்ப எழுதும் வரிகளைத் தானே உருவாக்கித் தரும் லொம்போக் லைப்ரரியின் பழைய பதிப்போடு கம்பைல் ஆகாது, சில இடங்களில் உள் வகுப்புகளைத் திறந்துவிடும் 'ஆட்-ஓபன்ஸ்' ஆப்ஷனைப் போட்டுச் சமாளிக்க வேண்டும். பதிலுக்கு ரெக்கார்டு (தரவை மட்டும் வைத்திருக்கும் சுருக்கமான வகுப்பு), டெக்ஸ்ட் பிளாக் (பல வரி உரையை அப்படியே எழுதும் வசதி) எல்லாம் கிடைக்கும். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது நல் பாயின்டர் எரர் செய்தி, அதாவது மதிப்பே இல்லாத (null) ஒன்றைப் பயன்படுத்தும்போது வரும் செய்தி. 8-இல் வரி எண் மட்டும்தான் வரும். ஒரே வரியில் நான்கு மெத்தட் அழைப்புகள் இருந்தால் எது நல் என்று ஊகிக்க வேண்டும். 17 அதை நேராகச் சொல்லிவிடும். நள்ளிரவில் புரொடக்ஷன் லாக்கைப் பார்ப்பவருக்கு இதன் அருமை தெரியும்.

17-லிருந்து 21-க்குத் தூரம் குறைவு, லாபம் அதிகம். ஜாவாவே நிர்வகிக்கும் இலகுவான த்ரெட்டான விர்ச்சுவல் த்ரெட் வந்தது 21-இல். டேட்டாபேஸுக்கோ வேறொரு சர்வருக்கோ காத்திருப்பதிலேயே பொழுது போகும் அப்ளிகேஷன்களில், சாதாரண நிரலை எழுதியே லட்சக்கணக்கான த்ரெட்களை ஓட்டலாம். கணக்குப் போடுவதே முழு வேலை என்றால் இதனால் வேகம் கூடாது. இன்னொன்று: 21-இல் 'சின்க்ரனைஸ்டு' பிளாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையும் பகுதி) விர்ச்சுவல் த்ரெட் காத்திருந்தால் அடியில் உள்ள நிஜ த்ரெட்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். இது 24-இல் சரியானது. அதனால் புதிதாகத் தொடங்கும் ப்ராஜெக்ட்டுக்கு, 2025 செப்டம்பரில் வந்த 25-ஐயே எடுக்கலாம். அதுவும் நீண்டகால ஆதரவு உள்ளதுதான்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் காரணம். தமிழ் உட்பட எல்லா எழுத்துகளையும் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 இயல்பான என்கோடிங் ஆனது 18-இல். அதற்கு முன் விண்டோஸில் என்கோடிங்கைக் குறிப்பிடாமல் தமிழ்க் கோப்பைப் படித்தால் எழுத்துகள் குப்பையாக வரும். 21-இல் அப்படியே படிக்கலாம்.

சரி, பழைய ப்ராஜெக்ட் கையில் இருப்பவர்கள்? ஸ்பிரிங் பூட் 2.7 ஜாவா 17-இலும் ஓடும். முதலில் ஜாவாவை மட்டும் மாற்றி, சில வாரம் ஓடவிடுங்கள். ஸ்பிரிங் பூட் 3 கேட்கும்படி 'ஜாவாக்ஸ்' (javax) என்று தொடங்கும் இம்போர்ட்டுகளை 'ஜகார்த்தா' (jakarta) ஆக்கும் வேலையை அப்புறம் ஸ்பிரிங் பூட் 3-க்குப் போகும்போது தனியாகச் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொட்டால், உடைந்தது எதனால் என்று கண்டுபிடிக்கவே பாதி நேரம் போய்விடும்.