டிரேசிங் டீமனுக்குத் தரவு அனுப்ப: யுடிபியா, பகிர்ந்த நினைவகமா?

செயலி ஓடும்போது நடப்பதைப் பதிவுசெய்வது டிரேசிங்; அந்தப் பதிவுகளைப் பெற்றுக்கொள்ளும் பின்னணி நிரல் டீமன்; செயலிக்குள்ளிருந்து அவற்றை அனுப்புவது கிளையன்ட் நூலகம். அமேசானின் டிரேசிங் சேவையான எக்ஸ்-ரேயின் டீமன், ஒப்புகைக்குக் காத்திராமல் பொட்டலங்களை அனுப்பும் யுடிபி முறையில் 2000ஆம் போர்ட்டில் தரவை ஏற்கிறது. இம்முறைக்குக் கிளையன்ட் நூலகத்தை உருவாக்குவது எளிது. டீமன் நின்றுபோனாலும் செயலி அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் தொலைந்த பொட்டலம் பற்றி நூலகத்துக்குத் தெரியாமலே போகலாம்.

கூகுளின் திறமூல டிரேசிங் கருவியான பெர்ஃபெட்டோ கையாள்வது பகிர்ந்த நினைவகம், அதாவது செயலியும் டீமனும் அணுகக்கூடிய பொதுவான நினைவகப் பகுதி. அதில், ஒவ்வொரு நிகழ்வுக்கும் கர்னலை (இயங்குதளத்தின் மையப்பகுதியை) அழைக்காமல் செயலியின் இழைகள் (threads) அந்நினைவகத்தின் தத்தம் துண்டுகளில் நேரடியாக எழுத, கட்டுப்பாட்டுச் செய்திகள் மட்டுமே சாக்கெட் (நிரல்களுக்கு இடையிலான தொடர்பு வாயில்) வழியே செல்கின்றன. செயலி திடீரென முறிந்தாலும் அங்கே எஞ்சியதில் பெரும்பகுதியை டீமன் மீட்டெடுக்க முடியும். முறிவின் காரணத்தைத் தேடுபவருக்கு இதைவிட ஆதாயம் வேறில்லை. கர்னல் அழைப்பின் செலவே அளவீட்டைக் கெடுக்கும் அளவுக்கு நிகழ்வுகள் பெருகும் இடத்தில் இதையே தேர்வேன். அரிதாக நிகழும் பதிவுகளுக்கு யுடிபி போதும். எனினும், பகிர்ந்த நினைவகம் நிரம்பும்போது காத்திருப்பதா, கைவிடுவதா என்பதை நூலகம் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். கிளையன்ட் எழுதியதைச் சரிபார்க்காமல் டீமன் நம்பவும் கூடாது.